மண்ணைப் படித்த மருத்துவர்

அறுபதுகளில் காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கதவு தட்டப்பட்டால், வந்திருப்பது உறவினரா சுகாதாரப் பணியாளரா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். கையில் விளக்குடனும் கண்ணாடித் தகடுகளுடனும் வருவார்கள். உறங்கிக் கொண்டிருக்கும் குழந்தைகளையும் எழுப்பி, விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தகட்டில் தடவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்கள் பகலில் உடலின் உள்ளே பதுங்கியிருந்து, இரவில்தான் மேற்பரப்பு ரத்தத்துக்கு வருகின்றன என்பதை அந்த வயதில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கத்தைக் கெடுத்த கோபம் மட்டுமே நினைவில் நின்றது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு முதியவர் குழித்தறியில் பட்டு நெய்வார். அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கித் தடித்திருக்கும். குழிக்குள் அந்தக் காலை இறக்குவதற்கே அவருக்கு நேரம் பிடிக்கும். இறக்கியபின் மிதியை மாற்றி மாற்றி அழுத்தி நாள் முழுதும் நெய்வார். நெசவாளிக்குக் கைக்கு நிகராகக் கால் வேண்டும். அந்தக் காலையே குறிவைக்கும் நோய் ஒரு நெசவு ஊருக்கு என்ன பொருள் தரும் என்பதைப் பொருளியல் படிப்பதற்கு முன்பே அந்த வீட்டுத் திண்ணையில் நான் கற்றுக்கொண்டேன்.

ரத்தத்தில் நுண்புழு இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு மாத்திரை இலவசமாக வந்தது. அதன் வணிகப் பெயர் ஹெட்ராசான். வேதிப்பெயர் டைஎத்தில்கார்பமசின். அது வீங்கிய காலைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால், ரத்தத்தில் திரியும் நுண்புழுக்களை அழித்து, கொசு வழியாக அடுத்தவருக்கு நோய் பரவுவதைத் தடுக்கும். அந்த மாத்திரை உருவான ஆய்வகத்தை வழிநடத்தியவர், சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளி இறுதித் தேர்வு எழுதி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் என்பதை நான் அறிந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

அவர் எல்லாப்ரகட சுப்பாராவ். அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும், நோபல் பரிசு கிடைக்காமல் போன மேதை என்று வருந்தி முடித்துவிடுகிறார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால், இன்றைய உலகுக்கு அவர் வாழ்க்கையிலிருந்து தேவைப்படுவது வேறொன்று. கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மண்ணிலிருந்து தேடி எடுத்து, அவற்றின் இயல்பை அறிந்து, மருந்தாக்கும் வேலையை ஒரு நிறுவனம் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அவர் நடத்திய ஆய்வகம் ஒரு முன்மாதிரி. அந்தத் தேடலை உலகம் இன்று ஏறக்குறைய கைவிட்டுவிட்டது என்பதால், அவரை மீண்டும் நினைக்க வேண்டியிருக்கிறது.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் சிறு ஊழியர். தாய் வெங்கம்மா. குடும்பத்தில் வறுமை நிரந்தர விருந்தாளி. பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்ரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பிழைக்கலாம் என்று வீட்டைவிட்டு ஓடிய சிறுவனைத் தாய் வழியிலேயே மடக்கி அழைத்து வந்தார். படிப்பிலும் அவர் சுடர்விட்டவர் அல்லர். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறைதான் தேறினார். தேர்வு முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் மனம் ஒடிந்து போகும் பிள்ளைகளின் பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் படித்தபோது ராமகிருஷ்ண மடத்தின் மீது ஈடுபாடு கொண்டு துறவியாக விரும்பினார். தாய் இசையவில்லை. துறவு கைகூடாதபோது, பிணி தீர்க்கும் பணியை நோக்கி அவர் மனம் திரும்பியது. 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று அறுவை அரங்குக்குக் கதர் உடையில் போனார். அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வுகளைத் திறம்பட எழுதியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் அவருக்குக் கிடைத்தது. ஒரு முழக் கதருக்கு அவர் கொடுத்த விலை அது.

அதற்கும் மேலான இழப்பு வீட்டில் நேர்ந்தது. ஸ்ப்ரூ என்னும் கிராணி நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டு நாள் இடைவெளியில் பலியாயினர். குடல் உணவை ஏற்காமல், ரத்தம் குன்றி, உடல் மெலிந்து உயிர் போகும் நோய் அது. அன்றைய மேலை மருத்துவத்தில் அதற்கு மருந்தில்லை. அதே நோய் சுப்பாராவையும் பற்றியபோது, ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். பின்னர், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார். மருந்து வேலை செய்கிறது. ஆனால், அதில் வேலை செய்யும் பொருள் எது என்பது தெரியவில்லை. அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1919-இல் அவருக்கும் சேஷகிரிக்கும் திருமணம் நடந்தது. மாமனாரின் பொருளுதவியும் காக்கிநாடாவின் ஓர் அறக்கட்டளை தந்த உதவியும் சேர, 1922 அக்டோபர் 26 அன்று அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால், இந்தியச் சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே மருத்துவராகப் பணியாற்ற முடியாது. பகலில் படித்து, இரவில் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்து வயிற்றைக் கழுவினார். சில ஆண்டுகளில் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அவர் திரும்பவே இல்லை. அவர் காணாமலே அவருடைய ஆண் குழந்தை பச்சிளம் பருவத்தில் இறந்தது. சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் பார்க்கவே இல்லை. அறிவியல் சாதனைகளின் கணக்கை எழுதும்போது, அதன் செலவுப் பக்கத்தில் இந்தப் பெண்மணியின் பெயரையும் எழுதுவதுதான் நேர்மை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற உயிர்வேதியியலாளருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை நிறமாற்றத்தின் வழியே அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். இன்றும் மாணவர்கள் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அதைப் படிக்கிறார்கள். அளவுகோல் கிடைத்ததும் அதுவரை மறைந்திருந்தவை தென்படலாயின. தசையில் ஆற்றலைச் சேமிக்கும் பாஸ்போகிரியேட்டின் 1927-இலும், உயிர்கள் அனைத்துக்கும் ஆற்றல் நாணயமாகப் பயன்படும் ஏ.டி.பி. 1929-இலும் அவர்கள் கைக்கு எட்டின. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. கண்டுபிடிப்புகளின் பெருமை பெரும்பாலும் ஃபிஸ்க்கின் கணக்கிலேயே சேர்ந்தது.

1940-இல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். அது அமெரிக்கன் சயனமிட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஒரு பிரிவு. விரைவில் அதன் ஆய்வுத் தலைவரானார். அறிவாளிகள் வணிக நிறுவனத்துக்குப் போவதை இறக்கமாகக் கருதிய காலம் அது. சுப்பாராவ் அதை வேறு விதமாகக் கண்டார். பல துறை வல்லுநர்களை ஒரே கூரையின் கீழ் அமர்த்தி, ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்கும்படி வேலையைப் பின்னுவதற்கு அங்கே பணமும் இடமும் இருந்தன.

முதலில் அவர் எடுத்துக்கொண்டது, தம் சகோதரர்களைக் கொன்ற நோயோடு தொடர்புடைய சிக்கல். மும்பையில் கருவுற்ற பெண்களிடம், குறிப்பாக ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் காணப்பட்ட கடும் ரத்தசோகை, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் சாற்றால் குணமாவதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1931-இல் அறிவித்திருந்தார். அந்தச் சாற்றில் இருக்கும் பொருள் எது? லெடர்லே குழு அதைத் தேடுவதற்கு ஒரு பாக்டீரியாவையே தராசாகப் பயன்படுத்தியது. அந்தப் பொருள் இருந்தால் மட்டுமே லாக்டோபேசிலஸ் கேசி வளரும். வளர்ச்சியை அளந்தால் பொருளின் அளவு தெரிந்துவிடும். இவ்வாறு ஈரலிலிருந்தும் நுண்ணுயிர் வளர்ப்புக் கரைசலிலிருந்தும் பிரித்தெடுத்து, 1945-இல் அதைச் செயற்கையாகவும் உருவாக்கினார்கள். அதுவே ஃபோலிக் அமிலம். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் அது கைகொடுத்தது. அதை அறிவித்த ஆய்வுக் கட்டுரையில் 16 பேரின் பெயர்கள் உள்ளன. ஆய்வுத் தலைவரான சுப்பாராவின் பெயர் அவற்றில் ஏழாவது.

ஃபோலிக் அமிலத்தின் வடிவத்தைச் சிறிது மாற்றினால், செல் பெருக்கத்தைத் தடுக்கும் பொருள் கிடைக்கும். அவ்வாறு கிடைத்த அமினோப்டெரினை பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் தெரிந்ததாக 1948-இல் அறிவித்தார். புற்றுநோய்க்கு மருந்தால் சிகிச்சை அளிக்க முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வேர்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் எங்கள் தெருவுக்கு வந்து சேரவிருந்த ஹெட்ராசானும் அதே ஆய்வகத்தில் உருவாகியிருந்தது.

இவற்றோடு மண்ணிலும் ஒரு தேடல் நடந்து கொண்டிருந்தது. கோடை முடிந்து முதல் மழை விழும்போது பாலாற்றங்கரையில் எழும் மண்வாசனையை அறியாதவர் காஞ்சியில் இல்லை. அந்த வாசனை மண்ணுடையது அன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிரிகள் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் உள்ளன. நெருக்கடியான சந்தையில் இடம்பிடிக்கப் போராடும் கடைக்காரர்களைப்போல, அவை ஒன்றையொன்று விலக்கிவைக்க வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் சில, மனிதனைத் தாக்கும் கிருமிகளையும் கொல்லும். ஸ்ட்ரெப்டோமைசினை மண்ணுயிரியிலிருந்து எடுத்து வாக்ஸ்மனின் குழு 1944-இல் இதை உலகுக்கு மெய்ப்பித்தது.

அதே ஆண்டில், எழுபதைக் கடந்து பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர் சுப்பாராவின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். ஓய்வு பெற்றவரின் அறிவும் பயன்படக்கூடியது என்பதை அந்த நிறுவனம் அறிந்திருந்தது. டக்கர் தமக்குத் தெரிந்த மண்ணியல் அறிஞர்களுக்கெல்லாம் எழுதி, அவரவர் ஊர் மண்ணைச் சிறிது அனுப்பித் தரக் கேட்டார். பல இடங்களிலிருந்து மண் வந்து குவிந்தது.

அதற்குப் பிந்திய வேலைக்குப் பொறுமைதான் முதலீடு. ஒரு சிட்டிகை மண்ணை நீரில் கலக்க வேண்டும். அந்த நீரை மேலும் மேலும் நீர்க்கச் செய்து, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கூழின் மீது பரப்ப வேண்டும். சில நாள்களில் தட்டெங்கும் சிறு புள்ளிகளாகக் குடியிருப்புகள் தோன்றும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தெடுத்து வளர்த்து, அதன் அருகில் நோய்க்கிருமிகளைக் கோடாக இழுத்துவைக்க வேண்டும். எங்கே கிருமி வளராமல் வெற்றிடம் விடுகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. அதற்கு மேல்தான் உண்மையான சோதனை: அது புதிய உயிரியா, பழையதா, சுரக்கும் பொருள் தனியே பிரிகிறதா, எலியைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்கிறதா, உடலுக்குள் போனபின்னும் வேலை செய்கிறதா. ஆயிரக்கணக்கில் எடுத்தால் கையில் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ. தோல்வியையே அன்றாட விளைபொருளாகக் கொண்ட இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடிக்கும் தலைமை இல்லாவிட்டால், மூன்றாம் மாதமே கதவு மூடப்பட்டிருக்கும்.

மிசௌரி பல்கலைக்கழகத்தின் மண்ணியல் பேராசிரியர் வில்லியம் ஆல்பிரெக்ட் அனுப்பிய மண்ணில், ஏ-377 என எண்ணிடப்பட்ட ஒரு நுண்ணுயிரி கிடைத்தது. அகர் தட்டில் பொன்னிறமாய் வளர்ந்ததால் அதற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ் என்று பெயர் வைத்தார் டக்கர். அது சுரந்த மருந்து ஆரியோமைசின். பென்சிலினுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் கட்டுப்படாத பல தொற்றுகளை அது அடக்கியது. ஊசி தேவையில்லை; வாய்வழியே விழுங்கினால் போதும். இன்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் ஆகியவற்றைக் கொண்ட பெருங்குடும்பத்தின் மூத்த பிள்ளை அதுவே. 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி பரவியபோது மக்கள் தேடி ஓடியதும் டெட்ராசைக்ளினைத்தான்.

1948 ஜூலையில் நியூயார்க் அறிவியல் கழகக் கூட்டத்தில் ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டது. பெருமை டக்கருக்குச் சேர்ந்தது, சேரவேண்டியதும் அவருக்கே. ஆய்வுத் தலைவர் தம் பெயரை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 9 அன்று சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறாமல், இந்தியா விடுதலை அடைந்த ஓராண்டுக்குள், அந்நிய மண்ணில் அவர் வாழ்வு முடிந்தது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தனித்தனியே கோக்கப்படும். மூன்று நாடாக்களுடன், பக்கத்தில் ஒரு துணையாள் இல்லாமல் அதை நெய்ய முடியாது. சேலை கடைக்குப் போனபின் அதன் மீது நிற்பது கடையின் பெயர். நெய்தவர் பெயரோ, துணையாள் பெயரோ அன்று. சுப்பாராவின் ஆய்வகமும் அப்படி ஒரு கோர்வைத் தறியாக இருந்தது. வேறுபாடு ஒன்றே: இங்கே பெயர் பறிக்கப்படுகிறது, அங்கே அவர் தம் பெயரைத் தாமாகவே விட்டுக்கொடுத்தார்.

பொருளியல் மாணவன் என்ற முறையில் இக்கதையின் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பொன்னிற உயிரி கிடைத்த மண், சான்பார்ன் வயலின் 23-ஆம் பாத்தியிலிருந்து வந்தது. அந்த வயல் 1888-இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழக ஆய்வு வயல். அந்தப் பாத்தியில் எருவோ உரமோ இடாமல் ஒரே வகைத் தீவனப்புல்லை அரை நூற்றாண்டுக்கும் மேலாக வளர்த்து வந்தார்கள். லாபம் தராத ஒரு துண்டு நிலத்தைப் பொதுப்பணம் காத்துவைத்தது. அதிலிருந்து எடுத்த உயிரிக்குத் தனியார் நிறுவனம் காப்புரிமை பெற்றது. அதன் விளைவை நம் நாடும் உணர்ந்தது. அமெரிக்க செனட்டில் எஸ்டஸ் கெஃபாவர் தலைமையில் அமைந்த துணைக்குழு, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஏழை இந்தியாவும் ஒன்று என்று 1961-இல் எடுத்துக்காட்டியது. அதற்குச் சான்றாக நின்ற மருந்துகளில் ஆரியோமைசினும் ஒன்று. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர் வழிநடத்திய ஆய்வகத்தின் மருந்து, சென்னை ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பொருளுக்குக் காப்புரிமை அளிக்காமல் செய்முறைக்கு மட்டும் அளித்த 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் பிறந்ததற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம்.

நாமும் மண்ணைத் தேடாமல் இருந்துவிடவில்லை. பொதுத்துறையில் பிம்ப்ரியில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில், எம்.ஜே. திருமலாச்சாரும் குழுவினரும் அந்த ஊர் மண்ணிலிருந்தே ஒரு நுண்ணுயிரியைப் பிரித்து, ஹமைசின் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தை 1961-இல் உருவாக்கினார்கள். விடுதலை பெற்ற நாட்டின் பொதுத்துறை ஆய்வகமும் புதிதாகக் கண்டறிய முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால், அந்தத் தொடக்கம் ஒரு மரபாக வளரவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளால் 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதில் லெடர்லேக்கும் பங்குண்டு. ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சும் கழிவைத் தின்ற கோழிகள் விரைந்து வளர்வதை, சுப்பாராவ் மறைந்த சில மாதங்களில் அங்கிருந்த ஆய்வாளர்கள் கண்டனர். கால்நடைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக்குகளைக் கலக்கும் வழக்கம் அதிலிருந்து பரவியது. அளவின்றிப் பயன்படுத்தினோம், கிருமிகள் பழகிக்கொண்டன.

புதிய மருந்து தேவை. ஆனால், சந்தை அதைத் தராது. ரத்த அழுத்த மாத்திரையை வாழ்நாள் முழுதும் விழுங்குவார்கள். புதிய ஆன்டிபயாடிக்கை ஒரு வாரம் மட்டுமே தருவார்கள். அதையும் கடைசி ஆயுதமாகப் பூட்டிவைக்கச் சொல்வார்கள். குறைவாக விற்கவேண்டிய பொருளை எந்த நிறுவனம் பெரும் செலவில் தேடும்? அமெரிக்காவின் அக்கேஜன் நிறுவனம் தன் புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018-இல் அனுமதி பெற்று, மறு ஆண்டே திவாலானது. பெரிய நிறுவனங்கள் பல இத்துறையை விட்டே விலகிவிட்டன. பொருளியலில் இதைச் சந்தையின் தோல்வி என்போம். தெருவிளக்கைப்போல, எல்லோருக்கும் தேவைப்பட்டு எவரும் தனியே விலைகொடுக்க முன்வராத பண்டத்தைப் பொதுப்பணம்தான் வழங்க வேண்டும்.

அதற்குப் பெரும் கோபுரங்கள் கட்ட வேண்டியதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளில் மிகச் சிறு பகுதியே இதுவரை ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டுள்ளது, தேடவேண்டியவை ஏராளம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2012-இல் தொடங்கிய ஒரு திட்டம், இளநிலை மாணவர்களே தம் ஊர் மண்ணை எடுத்துவந்து புதிய ஆன்டிபயாடிக் உயிரிகளைத் தேடும்படி பாடத்தை அமைத்து, பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. தமிழ்நாட்டில் நுண்ணுயிரியல் துறை உள்ள கல்லூரிகள் எத்தனையோ. ஆண்டுதோறும் அதே பழைய செய்முறைகளைச் செய்து பதிவேட்டில் எழுதும் மாணவர்கள், பாலாற்று மணலையும், ஏரி வண்டலையும், உப்பளச் சேற்றையும், கோயில் குளத்துப் பாசியையும் ஒழுங்காகத் தேடிப் பதிவு செய்தால் என்ன? கிடைக்கும் உயிரிகளைச் சேமித்துவைக்க சண்டிகரில் தேசியச் சேமிப்பகம் உள்ளது. ஊரின் பங்கைக் காக்க 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் உள்ளது. சான்பார்ன் வயலைப்போல, கோவையிலும் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரமிடல் ஆய்வு வயல் உள்ளது. இல்லாதது, தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து பணம் ஒதுக்கும் மனம்.

தேடுவதற்கு முன் தேடுமிடத்தைக் காக்கவும் வேண்டும். பாலாற்றின் மேற்பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் செய்த கேட்டை உச்சநீதிமன்றம் 1996-இல் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. காஞ்சி நகருக்குள் வேகவதி ஆறு கழிவுநீர் சுமந்து கிடக்கிறது. ஆறும் குளமும் கெடும்போது நாம் இழப்பது குடிநீரை மட்டும் என்று எண்ணுகிறோம். பெயரிடப்படுவதற்கு முன்பே அழிந்துபோகும் உயிர்களின் கணக்கு எந்த அறிக்கையிலும் வருவதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தினுள் துயிலும் அத்திவரதரை நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை காண, 2019-இல் லட்சக்கணக்கானோர் வந்தனர். கண்ணில் படாத ஒன்று நீருக்குள் இருக்கிறது என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதன்று. அந்த மதிப்பை நம் குளங்களிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் சிற்றுயிர்களுக்கும் அளிக்கலாம்.

எங்கள் தெருவில் இப்போது இரவில் கதவு தட்டுபவர் இல்லை. வீங்கிய காலுடன் குழித்தறியில் இறங்கும் இளைஞரும் இல்லை. யானைக்கால் நோய் இன்னும் எஞ்சியுள்ள இந்திய மாவட்டங்கள் பலவற்றில் இன்று மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். ஒன்று, சுப்பாராவின் ஆய்வகம் தந்த டைஎத்தில்கார்பமசின். மற்றொன்று ஐவர்மெக்டின், ஜப்பானிய மண்ணில் சடோஷி ஒமுரா கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் உயிரியிலிருந்து பிறந்தது. அதற்காக அவர் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவில்லை. அவருடைய நூற்றாண்டில், 1995-இல், இந்தியா ஓர் அஞ்சல் தலை வெளியிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1953-இல், லெடர்லேயில் பணியாற்றிய பூஞ்சையியலாளர் ஹெசல்டைன், கழிவுநீர் வடிகட்டியில் படிந்த வழுவழுப்பான படலத்தில் புதியதொரு பூஞ்சையைக் கண்டு, அதற்கு சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயர் வைத்தார். எவரும் முகம் சுளித்துக் கடந்துபோகும் கழிவுநீரில் ஒருவர் பொறுமையாகத் தேடியதால் கிடைத்த உயிரி அது. வேகவதிக் கரையிலும் அப்படித் தேட ஒரு மாணவர் குழுவை அடுத்த கல்வியாண்டிலேயே அனுப்ப முடியும். கல்லூரிகளும் அரசும் மனம் வைத்தால் போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), காஞ்சிபுரம்.